இண்டிகேட்டர் வேகமாக அடிக்கிறதா? பல்பிலிருந்து தொடங்குங்கள்

வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டால் நிதானமாக 'டிக்… டிக்…' என்கிறது. இடது பக்கம் போட்டால் 'டிக்டிக்டிக்டிக்' என்று அவசரமாக அடிக்கிறது. மீட்டரில் தெரியும் பச்சை அம்புக்குறியும் அதே வேகத்தில் துடிக்கிறது. புதிதாகக் கார் ஓட்டுகிறவர்கள் இதைக் கேட்டதும் 'ரிலே (விளக்கை விட்டு விட்டு எரிய வைக்கும் சின்னப் பெட்டி) போயிடுச்சு' என்றோ 'வயரிங்ல ஏதோ ஷார்ட்' என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் எரியவில்லை, அவ்வளவுதான். முன்னாலும் பின்னாலும் இருக்கிற விளக்குகள் ஓட்டுகிறவர் கண்ணில் படாது என்பதால், பல்ப் போனதைச் சொல்வதற்காகவே இந்த வேகத்தை வண்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே வேகமாக அடிப்பது கோளாறு இல்லை, கோளாறைப் பற்றிய தகவல். இதை மனதில் வைத்துக்கொண்டால் வீண்செலவில் பாதி குறையும். பல்ப் போயிருக்கும்போது ரிலேயை மாற்றினால், புது ரிலேயும் அதே வேகத்தில்தான் அடிக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், பிறகு வரும் சோதனைகளுக்கு இதுதான் அடிப்படை. மாருதி ஆல்டோ, வேகன் ஆர் மாதிரி சாதாரண பல்ப் போட்ட வண்டிகளில் ஒரு பக்கத்துக்கு முன்னால் ஒரு 21 வாட், பின்னால் ஒரு 21 வாட் பல்ப் இருக்கும். அதோடு ஃபென்டரிலோ பக்கக் கண்ணாடியிலோ ஒரு 5 வாட் குட்டி பல்ப். மொத்தம் 47 வாட். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3.9 ஆம்பியர் கரண்ட் போகும். ஃபிளாஷர் ரிலே இந்தக் கரண்டை அளந்துகொண்டே இருக்கும். ஒரு 21 வாட் பல்ப் போனால் கரண்ட் 2.2 ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். உடனே ரிலே தன் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும். கொஞ்சம் புதிய வண்டிகளில் தனி ரிலே இருக்காது. பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற எலக்ட்ரானிக் பெட்டி இந்த வேலையைச் செய்யும். காதில் விழும் 'டிக் டிக்' கூட பல வண்டிகளில் மீட்டருக்குள்ளிருக்கும் ஸ்பீக்கர் போடும் சத்தம்தான். செய்யும் வேலை ஒன்றுதான்.

இதில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. 47 வாட்டில் 5 வாட் குறைந்தால் பல ரிலேக்கள் கண்டுகொள்வதில்லை. அதனால் பக்கத்துக் குட்டி பல்ப் அணைந்துபோய், வேகம் மாறாமலேயே மாதக்கணக்கில் ஓடும் வண்டிகள் நிறைய. வேகம் சரியாக இருக்கிறது என்பதற்காக எல்லா பல்பும் எரிகிறது என்று நம்பிவிட வேண்டாம்.

உண்மையிலேயே வேகமா, நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று சந்தேகம் வந்தால் எண்ணிப் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை அடிப்பது இயல்பு. நல்ல நிலையில் உள்ள வண்டி 10 விநாடியில் 14, 15 முறை அடிக்கும். அதே 10 விநாடியில் 25ஐத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம்.

முதல் வேலை: வண்டியைச் சுற்றி வாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். வேகமாக அடிக்கும் பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கி, முன் விளக்கு, பக்க விளக்கு, பின் விளக்கு என்று வரிசையாகப் பாருங்கள். உச்சி வெயிலில் பார்த்தால் மங்கலாக எரிவது தெரியாது. நிழலிலோ சாயங்காலமோ பார்ப்பது நல்லது.

இங்கே மூன்று விதமாக நடக்கலாம். ஒன்று, ஏதோ ஒரு விளக்கு எரியவே இல்லை. இதுதான் பெரும்பாலோருக்கு. இரண்டு, எல்லாம் எரிகிறது, ஆனால் ஒன்று மற்றதைவிட மங்கல். மூன்று, எல்லாமே பளிச்சென்று எரிகிறது, ஆனாலும் வேகம் குறையவில்லை. இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும்.

அப்புறம் மறுபக்க இண்டிகேட்டரையும் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் வேகமாக அடித்தால் கதை வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஃபியூஸைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் என்றாலே பலர் முதலில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இண்டிகேட்டர் ஃபியூஸ் போனால் விளக்கு அடிக்கவே அடிக்காது. வேகமாகவாவது அடிக்கிறது என்றால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

பல்பைக் கழற்றுவது

சாவியை ஆஃப் செய்து, இண்டிகேட்டரையும் நிறுத்திவிட்டு, பல்ப் ஆற ஐந்து நிமிடம் விடுங்கள். 21 வாட் பல்ப் சின்னதுதான், ஆனால் எரிந்துகொண்டிருந்ததைத் தொட்டால் விரல் பொத்துவிடும்.

பின் விளக்கு சுலபம். பல ஹேட்ச்பேக் வண்டிகளில் டிக்கிக் கதவைத் திறந்தால் விளக்கின் ஓரமாக இரண்டு ஸ்க்ரூ தெரியும். அவற்றைக் கழற்றிவிட்டு விளக்கை நேராகப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். மறுபக்கம் பிளாஸ்டிக் முளைகள் ஓட்டையில் இறுக்கமாக மாட்டியிருக்கும், பட்டென்று விட்டு வரும். பக்கவாட்டில் நெம்பினால் முளை உடையும், அதனால் இழுப்பது நேராகவே இருக்கட்டும். செடான் வண்டிகளில் டிக்கிக்குள் துணி மாதிரி ஒட்டியிருக்கும் லைனிங்கை விலக்கினால் விளக்கின் முதுகு தெரியும்.

முன் விளக்குதான் பொறுமையைச் சோதிக்கும். பானட்டைத் திறந்து ஹெட்லைட்டின் பின்னால் கை விட்டால் சில வண்டிகளில் ஹோல்டர் நேரே கைக்கு வரும். சிலவற்றில் பேட்டரியோ வைப்பர் தண்ணீர் டேங்கோ குறுக்கே நிற்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்து, சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் தடுப்பின் கிளிப்பைக் கழற்றி, அந்த வழியாகக் கை விட வேண்டியிருக்கும். எந்த வழி என்று வண்டியோடு கொடுத்த கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள். கையேடு டேஷ்போர்டு பெட்டிக்குள் பிரிக்கப்படாமலே கிடக்கும், இப்போதாவது எடுத்துப் பாருங்கள்.

ஹோல்டரைக் கால் வட்டம் இடஞ்சுழியாகத் திருப்பினால் வெளியே வரும். ஹோல்டரிலிருந்து பல்பை எடுக்க, மெல்ல உள்ளே அழுத்தி, அழுத்தியபடியே இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். அழுத்தாமல் திருப்பினால் கண்ணாடி கையோடு வரும், பித்தளை அடிப்பகுதி ஹோல்டரிலேயே நிற்கும். பக்கத்துக் குட்டி பல்ப் இப்படி இல்லை, நேராக இழுத்தால் போதும்.

எடுத்த பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழை அறுந்து தொங்கினாலோ, கண்ணாடியின் உட்புறம் கருத்திருந்தாலோ பல்ப் போய்விட்டது. காதருகே வைத்துக் குலுக்கினால் அறுந்த இழை கிலுகிலுப்பதும் கேட்கும். சில சமயம் இழை அறுந்தும் அறுபடாமலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் இண்டிகேட்டர் வேகம் மாறி மாறி அடித்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

பார்வைக்கு நன்றாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். மறுபக்கத்து பல்பைக் கழற்றி இதில் போடுங்கள், இதை அதில் போடுங்கள். கோளாறு பல்போடு சேர்ந்து மறுபக்கம் போனால் பல்ப்தான் கெட்டது. கோளாறு இருந்த இடத்திலேயே நின்றால் ஹோல்டரோ வயரோ. காசே செலவில்லாத சோதனை இது, எந்த மீட்டரும் தேவையில்லை.

கடையில் எதைக் கேட்பது

பழைய பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவதுதான் நல்ல வழி. சென்னையில் ஜி.பி. ரோட்டுக்குப் போனாலும், உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாலும், 'இண்டிகேட்டர் பல்ப் கொடுங்க' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததைத்தான் எடுத்து நீட்டுவார்.

பார்க்க ஒன்று போலவே இருக்கும் மூன்று வகை இருக்கின்றன. விளக்கின் மேல்மூடி ஆரஞ்சு நிறமாக இருந்தால் உள்ளே வெள்ளைக் கண்ணாடி பல்ப், பி21டபிள்யூ. மேல்மூடி வெள்ளையாக இருந்தால் உள்ளே இருக்கும் பல்பே ஆரஞ்சு நிறம், பிஒய்21டபிள்யூ. முதல் வகையில் அடிப்பகுதியின் இரண்டு முளைகளும் நேரெதிரே இருக்கும். இரண்டாவதில் சற்று விலகி, 150 பாகைக் கோணத்தில் இருக்கும். ஒன்றை மற்றதன் ஹோல்டரில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி. மூன்றாவது வகையை மெக்கானிக்குகள் டபுள் காண்டாக்ட் என்பார்கள். அடியில் இரண்டு ஈயப் புள்ளி, உள்ளே இரண்டு இழை, ஒன்று 21 வாட், இன்னொன்று 5 வாட். அது பிரேக், டெயில் லைட்டுக்கு உரியது. இண்டிகேட்டருக்கு வேண்டியது ஒரே புள்ளி உள்ள சிங்கிள் காண்டாக்ட். பல்ப் ஹோல்டரில் போக மறுத்தால் வம்பு செய்யாதீர்கள், தவறான வகையை வாங்கிவிட்டீர்கள்.

வாட் எண் பித்தளையில் பொறித்திருக்கும். 12 வோல்ட் 21 வாட் என்று இருக்க வேண்டும். 10 வாட் பல்பும் எரியும், ஆனால் மங்கலாக எரியும், ரிலேயும் வேகமாகவே அடிக்கும். 'புது பல்ப் போட்டும் சரியாகலை' என்று சொல்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வாட் என்ன என்பதுதான். பைக்கில் வருவது 10 வாட். கடையில் இரண்டும் அருகருகே தொங்கும்.

ஆரஞ்சு பல்பில் மட்டமான சரக்கு வாங்கினால் மேலே பூசிய நிறம் சில மாதங்களில் செதில் செதிலாக உரிந்து, வெளிச்சம் வெள்ளையாகத் தெரியும். நல்ல கம்பெனி பல்பாகவே வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டாக வாங்கினால் இன்னும் நல்லது. ஒன்று போய்விட்டால் அதே வயதுள்ள மற்றதும் சீக்கிரம் போகும்.

புது பல்பைப் போட்டதும் விளக்கைப் பூட்டிவிடாதீர்கள். ஹோல்டர் வெளியே தொங்கும்போதே சாவியை ஆன் செய்து அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு பூட்டுங்கள்.

பல்ப் நல்லது, இடம் கெட்டது

பல்ப் நன்றாக இருந்தும் எரியவில்லை, அல்லது மங்கல் என்றால் ஹோல்டருக்குள் எட்டிப் பாருங்கள். அக்டோபரில் மழை தொடங்கி டிசம்பரில் ஓய்வதற்குள் பல வண்டிகளின் பின் விளக்கில் தண்ணீர் இறங்கியிருக்கும். விளக்கின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் வண்டி கழுவும் தண்ணீரே போதும். உள்ளே பித்தளைத் தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். கடலோர ஊர்க்காரர்களுக்கு மழைகூட வேண்டாம், உப்புக்காற்றே இந்த வேலையைச் செய்துவிடும்.

சாவி ஆஃப் நிலையில், நைஸ் உப்புத்தாளைச் சின்னதாகச் சுருட்டி ஹோல்டரின் உட்சுவரையும், அடியில் உள்ள காண்டாக்ட்டையும் பளபளப்பு வரும் வரை தேயுங்கள். தூளை ஊதித் தள்ளிவிட்டு, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை ஒருமுறை அடித்துக் காய விடுங்கள். அடியில் உள்ள ஸ்பிரிங் தகடு அமுங்கி பல்பைத் தொடாமல் இருந்தால், சின்ன ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நிமிர்த்துங்கள். ஹோல்டர் பிளாஸ்டிக் உருகிக் கருத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, ஹோல்டரையே மாற்ற வேண்டும். வெடித்த ரப்பர் வாஷரையும் அப்படியே விட்டால் அடுத்த மழைக்கு இதே வேலை திரும்ப வரும்.

அடுத்தது எர்த், அதாவது பல்பிலிருந்து கரண்ட் வண்டியின் இரும்புப் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. இதில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புவார்கள், ஆனால் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, வீட்டில் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். பிரேக் மிதித்தவுடன் இண்டிகேட்டர் மங்கினாலோ, இண்டிகேட்டரோடு சேர்ந்து பிரேக் லைட்டும் துடித்தாலோ, எர்த் சரியில்லை. பின் விளக்குக்குள் இருக்கும் எல்லா பல்புக்கும் பெரும்பாலும் ஒரே எர்த் வயர்தான். அது விட்டுப்போனால் கரண்ட் வெளியேற வழியில்லாமல் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கும். அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரியும் விசித்திரமெல்லாம் நடக்கிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு முழம் வயர் போதும். இரண்டு முனையிலும் தோல் உரித்து, ஒரு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டிலும் மறு முனையை பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் பிடியுங்கள். பெரும்பாலும் எர்த் கறுப்பு வயராக இருக்கும், சில வண்டிகளில் பழுப்பு நிறம். எது எர்த் என்று திட்டமாகத் தெரியாவிட்டால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், சப்ளை வயரைப் பாடியில் தொட்டால் ஃபியூஸ் போகும். தொட்டதும் பல்ப் பளிச்சென்று எரிந்து வேகமும் இறங்கினால், எர்த் வயர் பாடியோடு சேரும் இடத்தைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கினால் வேலை முடிந்தது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள், கறுப்பு முனையைப் பாடியிலும் சிவப்பு முனையை ஹோல்டரின் அடிக் காண்டாக்ட்டிலும் வைத்துப் பாருங்கள். எண் பூஜ்யத்துக்கும் 12க்கும் இடையே தாவினால் சப்ளை வருகிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. டிக்கிக் கதவிலேயே விளக்கு உள்ள வண்டியானால், கதவு மடியும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் போகும் வயர்களை முதலில் பாருங்கள். திறந்து மூடித் திறந்து மூடி அங்கேதான் அறும்.

எல்.இ.டி. போட்ட வண்டி

எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தும் வேகமாக அடித்தால், யாராவது எல்.இ.டி. மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்களுக்கு இது தெரியாமலே இருக்கும். எல்.இ.டி. பல்ப் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், பல்ப் போய்விட்டதாகவே ரிலே நினைத்துக்கொள்ளும்.

இதற்குக் கடையில் சொல்லும் வைத்தியம் லோடு ரெசிஸ்டர். பொன்னிறத்தில் வரி வரியாக இருக்கும் 6 ஓம் 50 வாட் ரெசிஸ்டரை இண்டிகேட்டர் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே இணைப்பார்கள். அது 21 வாட் பல்ப் மாதிரி கரண்டை இழுத்து ரிலேயை ஏமாற்றும். இழுக்கும் கரண்ட் முழுவதும் சூடாகத்தான் மாறும். இன்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட்டில் 30 வாட் சூடு. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் தொட முடியாது. இதைப் பிளாஸ்டிக் பம்பரிலோ வயர் கட்டிலோ டேப் சுற்றி ஒட்டிவிட்டுப் போகும் கடைகள் உண்டு. போட்டே தீர வேண்டும் என்றால் இரும்புப் பாடியில், வயர் எதுவும் உரசாத இடத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும்.

தனி ரிலே உள்ள வண்டியானால் எல்.இ.டி.க்கு ஏற்ற ஃபிளாஷர் ரிலே மாற்றுவது சுத்தமான வேலை. கால் எண்ணிக்கையும் அவற்றின் வரிசையும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மூன்று கால் ரிலேயில் 49, 49ஏ, 31 என்றோ, பி, எல், ஈ என்றோ எழுதியிருக்கும். சப்ளை, விளக்கு, எர்த் என்று முறையே அர்த்தம்.

என் கருத்தைக் கேட்டால், பழையபடி 21 வாட் பல்பையே போட்டுவிடுங்கள் என்பேன். ரெசிஸ்டரோ எல்.இ.டி. ரிலேயோ போட்ட பிறகு, நாளைக்கு ஒரு விளக்கு நிஜமாகவே போனால் வண்டி சொல்லாது. கம்பெனியிலேயே எல்.இ.டி. விளக்கோடு வரும் வண்டிகள் வேறு, அவற்றில் கண்காணிப்பும் அதற்கேற்ப இருக்கும். பல்ப் தனியாகக் கழலாது, கோளாறானால் விளக்கையே மாற்ற வேண்டிவரும். வாரன்டி இருந்தால் அதைத் தொடாமல் சர்வீஸ் சென்டருக்கே விடுங்கள்.

இரண்டு பக்கமும் வேகமாக அடித்தால்

இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொரு பல்ப் போயிருக்கலாம், அதனால் முதலில் சுற்றிப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. நான்கு மூலையிலும் 21 வாட் சரியாக எரிகிறது, எர்த் நன்றாக இருக்கிறது, அப்போதும் வேகம் குறையவில்லை என்றால்தான் ரிலே மேல் கை வைக்கலாம். டேஷ்போர்டுக்கு அடியிலோ ஃபியூஸ் பெட்டியிலோ இருக்கும். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு ஒவ்வொரு ரிலேயாக விரலை வைத்துப் பாருங்கள், துடிப்பதுதான் உங்கள் ஆள். சில வண்டிகளில் ஹசார்ட் சுவிட்சுக்குள்ளேயே இருக்கும், அப்போது சுவிட்சையே மாற்ற வேண்டும். எந்த ரிலேயும் துடிக்காமல் சத்தம் மட்டும் வந்தால் அது கண்ட்ரோல் மாட்யூல் வண்டி, ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம்தான் போக வேண்டும்.

பல்ப் போன நிலையில் வெளியே கிளம்ப வேண்டியிருந்தால், வலது பக்கம் திரும்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டிவிடலாம். இடது பக்கத்துக்கு அது எடுபடாது. முன்கூட்டியே இடது ஓரத்துக்கு வந்து, வேகத்தை நன்றாகக் குறைத்துத் திரும்புங்கள். சந்தில் நெருங்கி வரும் டூவீலர்காரர் உங்கள் பின் விளக்கை நம்பித்தான் இடது பக்கமாக நுழைகிறார்.

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோகும்போது 'இண்டிகேட்டர் சரியில்லை' என்று மொட்டையாகச் சொல்லாமல், 'இடது பக்கம் மட்டும் வேகமா அடிக்குது, பின் பல்பை மாற்றிப் போட்டுப் பார்த்துட்டேன், கோளாறு அதே இடத்துலதான் நிக்குது' என்று சொல்லுங்கள். அவர் நேராகப் பின் ஹோல்டருக்குப் போய்விடுவார், ரிலேக்கு பில் போடும் பேச்சே வராது.